நெஞ்சறையில் மறைந்த காய்ச்சல்

காய்ச்சலை நோய் என்று எண்ணுவது மக்கள் வழக்கு. அதனை நோயின் அடையாளம் என்று கொள்வது மருத்துவ நூலோர் வழக்கு. சொல்லளவில் சிறிதாய்த் தோன்றும் இவ்வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாக அமைந்துவிடுகின்றது. அத்தகைய ஒரு காய்ச்சல் எவ்வாறு இனங்காணப்பட்டது என்னும் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல், பறவைகளால் புகழ்பெற்ற சிற்றூர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் வந்து கூடு கட்டும். அப்பறவைகளை எவரும் சுடாமல் காக்க 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஆணை பெற்றவர்கள் அவ்வூர் மக்கள். பறவைகள் வரும் மழை மாதங்களே அவ்வட்டாரத்தின் காய்ச்சல் மாதங்களும் ஆகும். மதுராந்தகம் முதல் திருக்கழுக்குன்றம் வரை, சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம், கோவளம் வரை, டெங்கு என்றும் டைபாய்டு என்றும் எலிக்காய்ச்சல் என்றும் உண்ணிக் காய்ச்சல் என்றும் பல பெயர்களோடு அது வரும். பெரும்பாலானவை உரிய மருத்துவத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் நீங்கிவிடும்.

வந்த பறவை பருவம் முடிந்தால் தானே பறந்து போகும். வந்த காய்ச்சல் வாரங்கள் கடந்தும் போகவில்லையானால், அல்லது போவது போல் போய் மீண்டும் மீண்டும் வருமானால், உடம்பில் எங்கோ அது கூடு கட்டிவிட்டது என்று ஐயுற வேண்டும். அக்கூடு இதயத்தின் வால்விலேயே இருக்கவும் கூடும். இதய வால்வில் கிருமி பற்றி வளரும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதன்று. எனினும் காணத் தவறினால், உயிரைக் கொண்டு போகாமல் விடுவது அரிது.

மரளும் அரளும்

நமது அரபு மருத்துவ நூல்களைப் பயின்றோர் மூன்று சொற்களை முதற்பாடத்திலேயே அறிவர். ‘மரள்’ என்பது நோய். ‘ஸபப்’ என்பது அதன் காரணம். ‘அரள்’ என்பது அதன் வெளித்தோற்றமாகிய குறி. ஷைகுர் ரயீஸ் இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தமது ‘அல்கானூன் ஃபித்திப்பு’ என்னும் பெருநூலின் முதற்பாகத்திலேயே இம்மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் மேலே செல்கின்றார். குறியை நோயென்று மயங்கி அதற்கு மருந்திடுபவன், புகையை விசிறி விலக்கிவிட்டு நெருப்பை மறந்தவனுக்கு ஒப்பாவான்.

ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலின் நான்காம் பாகம் ‘ஹும்மா’ என்னும் காய்ச்சலைப் பற்றிய ஆய்வோடு தொடங்குகின்றது. ஒரு நாளோடு தீரும் காய்ச்சல், உடல் நீர்கள் அழுகுவதால் எழும் காய்ச்சல், உறுப்புகளைப் பற்றி உடலை உருக்கும் ‘திக்கு’க் காய்ச்சல் என அதனை அவர் வகைப்படுத்துகின்றார். காய்ச்சல் என்பது யாது என்று வரையறை கூறுமிடத்து, அது இதயத்தில் மூண்டு, குருதிக் குழாய்களின் வழியே உடலெங்கும் பரவும் அயலான ஒரு வெப்பம் என்ற கருத்தைத் தருகின்றார்.

இதனைக் கண்டு, இன்றைய மருத்துவர் கூறும் வால்வு நோயை இப்னு ஸீனா ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார் என்று முரசறைவோர் இருக்கலாம். அது முறையன்று. காய்ச்சல்கள் யாவற்றுக்கும் இதயமே பிறப்பிடம் என்பது அவர் காலத்துக் கொள்கை. அக்கொள்கை பின்னர் நிலைக்கவில்லை. கிருமிகளைப் பற்றியோ, வால்வில் அவை பற்றுவதைப் பற்றியோ அக்காலத்தில் எவரும் அறிந்திலர். ஆனால் அவர் வகுத்துத் தந்த கேள்வி இன்றும் மாறவில்லை. ‘இஃது அரள், இதன் மரள் எங்கே?’ என்னும் அக்கேள்வியைக் கேளாத மருத்துவம் அன்றும் தவறியது, இன்றும் தவறுகின்றது.

ராஸீ கண்ட நோயாளி

இக்கேள்வியைக் கேட்ட மருத்துவர்களுள் தலையாயவர், இப்னு ஸீனாவுக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஹிஜ்ரி 313இல், அதாவது கி.பி. 925இல் மறைந்த இவர், தாம் பார்த்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைத்தார். அவற்றுள் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரைப் பற்றிய குறிப்பு மருத்துவ வரலாற்றறிஞர் பலரும் எடுத்துக்காட்டுவது.

அந்நோயாளிக்குக் காய்ச்சல் ஒழுங்கின்றி வந்தது. ஒரு சமயம் நாள்தோறும். ஒரு சமயம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு சமயம் நான்காம் நாள் முறை. ஒரு சமயம் ஆறு நாட்களுக்கு ஒருமுறை. காய்ச்சலுக்கு முன் இலேசான குளிர் நடுக்கம் இருந்தது; சிறுநீர் அடிக்கடி பிரிந்தது. இது நான்காம் முறைக் காய்ச்சலாக மாறப் போகின்றது, அல்லது சிறுநீரகத்தில் புண் உள்ளது என்று ராஸீ இரண்டு வழிகளையும் எண்ணிப் பார்த்தார். சில நாட்களில் சிறுநீரோடு சீழ் வெளிப்பட்டது. முறைக்காய்ச்சல் என்று பலரும் எண்ணக்கூடியது, உள்ளே ஓர் உறுப்பில் ஒளிந்திருந்த சீழ்க்கட்டியின் குரல் என்பது தெளிவாயிற்று. சிறுநீரகத்தைப் பற்றி முன்னரே நுணுக்கமாய் வினவியிருக்க வேண்டும் என்பதையும் அவர் தம் குறிப்பில் மறைக்கவில்லை.

இங்கு நோயுற்றது இதயமன்று, சிறுநீரகம். ஆயினும் ‘போகாத காய்ச்சலுக்கு ஓர் உறைவிடம் உண்டு, அதனைத் தேடு’ என்னும் நெறி இக்குறிப்பில் முழுமையாக நிற்கின்றது.

இதயத்தின் வாயில்கள்

உறைவிடத்தைத் தேட வேண்டுமாயின் வீட்டின் அமைப்பைத் தெரிந்திருக்க வேண்டும். இதயத்தின் அமைப்பைப் பற்றிய பழைய கொள்கையைத் திருத்தியவர் டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (மறைவு கி.பி. 1288). இவர் மருத்துவர் மட்டுமல்லர். ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும் ஆவார். இமாம் ஸுப்கீ ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றுத் தொகுப்பில் இவருக்கும் இடம் தந்துள்ளார். மத்ரஸாவில் ஃபிக்ஹு போதித்த அதே நாவுதான் மருத்துவமனையில் உடற்கூறும் போதித்தது என்பது நம் காலத்தவர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இதயத்தில் மூன்று கீழறைகள் உண்டு என்பதும், அவற்றுக்கிடையேயுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்பதும் முன்னோர் கொள்கை. 1242ஆம் ஆண்டளவில் எழுதிய ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’ என்னும் உரைநூலில் இப்னுந் நஃபீஸ் இரண்டையும் மறுத்தார். கீழறைகள் இரண்டே, சுவரில் துளையில்லை, வலப்புறத்துக் குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்து இடப்புறம் வந்து சேர்கின்றது என்று அவர் எழுதினார். எழுநூறு ஆண்டுகளாய் ஏடுகளில் உறங்கிய இவ்வுண்மையை 1924ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற முஹ்யித்தீன் அத்தத்தாவீ என்னும் எகிப்திய மருத்துவர் தம் ஆய்வின் வாயிலாக உலகுக்கு அறிவித்தார்.

குருதி ஒருவழியே செல்ல வேண்டுமாயின் வாயில்களும் ஒருவழியே திறக்க வேண்டுமன்றோ? இதயத்தில் அத்தகைய வாயில்கள் நான்கு உள்ளன. அவற்றையே வால்வுகள் என்கிறோம். மெல்லிய இதழ்களாலான இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை திறந்து மூடுகின்றன. ஓர் இதழ் தழும்பேறித் தடித்தாலோ கிழிந்தாலோ குருதி நெருக்குண்டு சீறும், அல்லது பின்னோக்கிக் கசியும்.

இதயத்தின் உட்புறத்தைப் போர்த்திய மெல்லிய உறையை இக்கால அரபு மருத்துவர் ‘ஷகாஃப்’ என்பர். அதன் அழற்சிக்கு ‘இல்திஹாபுஷ் ஷகாஃப்’ என்று பெயர். ஸூரா யூஸுஃபில் அஸீஸின் மனைவியின் உள்ளத்தைக் காதல் ஊடுருவியதைக் குறிக்கும் சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. பழைய அகராதிகளில் இதயத்தின் உறை என்று பொருள்படும் இச்சொல்லை மருத்துவர் உள்ளுறைக்கு வரையறுத்துக்கொண்டனர். உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் பற்றிக்கொள்வது என்னும் கருத்து அச்சொல்லில் இருப்பதால், இந்நோய்க்கு அது மிகப் பொருத்தமான பெயரெனலாம்.

சிதறிய குறிகளைக் கோத்தவர்கள்

பிரான்ஸில் மோன்பெலியே நகரத்து மருத்துவர் லாசர் ரிவியேர், 1646இல் வெளியிட்ட குறிப்பொன்றில், நாடி தடுமாறி இறந்த ஒருவரின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது பெருந்தமனியின் வாயிலில் கொட்டைக் கொத்துப் போன்ற சதைத் திரள்களைக் கண்டதாக எழுதினார். இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பாக அது கருதப்படுகின்றது. 1816இல் லென்னெக் மார்பொலி கேட்கும் குழலைக் கண்டுபிடித்தார். உயிரோடிருப்பவரின் வால்வு எழுப்பும் முணுமுணுப்பொலியைக் கேட்கும் வாய்ப்பு அதன் பின்னரே கிடைத்தது. 1830களில் பாரிஸ் மருத்துவர் பூயோ, மூட்டு வாதக் காய்ச்சலுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவி, உள்ளுறை அழற்சிக்குப் பெயரும் சூட்டினார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. இந்நோயாளிகளுள் ஒருவர் பக்கவாதத்தால் விழுவார். மற்றொருவருக்கு மண்ணீரல் வீங்கும். வேறொருவருக்குச் சிறுநீரில் இரத்தம் வரும். இவையெல்லாம் தனித்தனி நோய்களாகவே கருதப்பட்டன. 1852இல் லண்டன் மருத்துவர் கிர்க்ஸ், வால்வில் படிந்த திரட்டு துணுக்குகளாக உடைந்து, குருதியோடு சென்று தொலைவிலுள்ள உறுப்புகளின் குழாய்களை அடைத்துவிடுகின்றது என்று காட்டினார். ஜெர்மனியின் விர்ஷோவும் அக்காலத்தில் இதே உண்மையை நிறுவினார். பலவாகத் தோன்றிய நோய்கள் ஒன்றாயின.

1885ஆம் ஆண்டு வில்லியம் ஆஸ்லர் லண்டன் அரச மருத்துவர் கழகத்தில் நிகழ்த்திய கல்ஸ்டோனியன் சொற்பொழிவுகள் இவ்வரலாற்றின் திருப்புமுனை. டைபாய்டு போலவும் மலேரியா போலவும் மூளைக்காய்ச்சல் போலவும் வேடம் புனைந்து வரும் இந்நோயை உயிரோடிருக்கும்போதே இனங்காண்பது எத்துணைக் கடினம் என்பதை அவர் விரித்துரைத்தார். விரல் நுனிகளில் தோன்றி வலிக்கும் சிறு கணுக்களை அவர் 1909இல் விளக்கினார். அவை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. 1910இல் ஜெர்மனியின் ஷோட்முல்லர், மெல்ல மெல்ல உருக்கும் வகைக்குக் காரணமான கிருமியை நோயாளிகளின் இரத்தத்திலிருந்தே வளர்த்துக் காட்டினார்.

அறிதல் வேறு, தீர்த்தல் வேறு என்பதற்கு அடுத்த ஆண்டே ஓர் எடுத்துக்காட்டு நேர்ந்தது. வியன்னாவின் புகழ்பெற்ற இசைமேதை குஸ்தாவ் மாலருக்கு வால்வுக் கோளாறு இருப்பது 1907இல் தெரிந்திருந்தது. 1911 பிப்ரவரியில் நியூயார்க்கில் அவருக்கு விடாத காய்ச்சல் கண்டது. டாக்டர் லிப்மனும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் பேரும் அவரது இரத்தத்தை எடுத்து வளர்த்தனர், கிருமி தெரிந்தது. நோயின் பெயர் ஐயத்திற்கிடமின்றி உறுதியாயிற்று. ஆனால் மருந்து உலகில் எங்கும் இல்லை. மே 18 அன்று வியன்னாவில் அவர் மறைந்தார். அப்போது வயது 50.

1928இல் ஃப்ளெமிங் கண்ட பென்சிலின், 1940க்குப் பின் மருந்தாக உருப்பெற்றது. சிறிய அளவில் கொடுத்த தொடக்க முயற்சிகள் தோல்வியுற்றன. 1944இல் நியூயார்க்கின் புரூக்ளினில் லியோ லோவே என்பவரும் அவர் குழுவினரும் எழுவருக்கு மிகுந்த அளவில், நெடுநாள் பென்சிலின் செலுத்தி வெற்றி கண்டதை வெளியிட்டனர். மரணத் தீர்ப்பு என்றிருந்த நோய் மருத்துவத்திற்கு அடங்கலாயிற்று. மருந்துக்கு அடங்காதபோது அழிந்த வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தும் முறை 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது.

நோய் நடக்கும் வழி

இனி, இந்நோய் உடம்பில் நடந்து செல்லும் வழியைக் காண்போம். பழுதற்ற வால்வில் கிருமி எளிதில் ஒட்டுவதில்லை. பழைய தழும்போ, பிறவிக் குறையோ, செயற்கை வால்வோ உள்ள இடத்தில், குருதி சுழித்தோடுவதால் மேற்பரப்பு தேய்ந்து, அங்கே நுண்ணிய திரட்டுகள் படிகின்றன. பல்லின் ஈறு, தோற்புண், குடல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றிலிருந்து குருதியில் நுழையும் கிருமி அத்திரட்டில் ஒட்டிப் பெருகுகின்றது. திரட்டு காளான் போல் வளர்கின்றது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அதனுள் எளிதில் நுழைய முடிவதில்லை. சொற்ப மருந்தும் அதன் ஆழத்தை எட்டுவதில்லை.

இது இருவகையாக வரும். முதல்வகை மெதுவானது. பிற்பகல் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, மூட்டு வலி, இளைப்பு, வெளுப்பு என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். நோயாளி நடமாடிக்கொண்டே இருப்பார். ‘உடம்பு தேறவில்லை’ என்பதே வீட்டார் கூறும் ஒரே சொல்லாக இருக்கும். இரண்டாம் வகை கடுமையானது. தோற்கட்டி முதலியவற்றில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியால் வருவது. நல்ல வால்வையும் சில நாட்களில் அழித்துவிடும். எனவே இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்பது எல்லாக் காய்ச்சலுக்கும் பொருந்தும் விதியன்று. நடுக்கத்தோடு கூடிய உயர்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடம்பின் ஓரங்களில் சில சிறு குறிகள் தோன்றலாம். நகங்களுக்கடியில் சிராய் குத்தியது போன்ற செங்கருங்கோடுகள். கண்ணிமையின் உட்புறத்தில் செம்புள்ளிகள். விரல் நுனியில் வலிக்கும் கணு. உள்ளங்கையிலும் பாதத்திலும் வலியற்ற செந்திட்டுகள். இவை எல்லோரிடமும் தோன்றுவதில்லை. தோன்றாமையால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. தோன்றினால் மட்டும் புறக்கணிக்கலாகாது.

சிக்கல்களோ பெரியவை. வால்வின் இதழ் கிழிந்து இதயம் தளர்ந்து போவது முதலாவது. உயிரிழப்பிற்கு இதுவே தலையாய காரணம். கால் வீக்கமும், படுத்தால் மூச்சு முட்டுவதும் அதன் அறிகுறிகள். வால்வின் அடிப்புறத்தில் சீழ் பிடித்து இதயத் துடிப்பின் நரம்புப்பாதை போன்ற இழைகள் அறுபடுவதால் நாடி திடீரெனக் குறைவது இரண்டாவது. திரட்டின் துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாவது மூன்றாவது. மண்ணீரலில் சீழ்க்கட்டி, சிறுநீரகக் கேடு, கைகால் குழாயடைப்பு, மூளைத் தமனியின் சுவர் வீங்கி வெடித்தல் என்று இப்பட்டியல் நீளும்.

இங்கே வீட்டார் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இளவயதினர் ஒருவருக்குச் சில நாள் காய்ச்சலுக்குப் பின் திடீரென ஒரு பக்கம் செயலிழந்தால், மருத்துவமனையில் கூற வேண்டிய முதற்செய்தி, ‘இவருக்குக் காய்ச்சல் இருந்தது’ என்பதாகும். சாதாரணப் பக்கவாதத்திற்குப் போடும் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி, இந்நோயால் வந்த பக்கவாதத்தில் மூளைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். மருத்துவர் வினவாவிடினும் உறவினர் கூறிவிடுதல் கடமை.

தமிழகத்து நிலை

செல்வ நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் முதியோரிடமும் செயற்கை வால்வு கொண்டோரிடமும் காணப்படுகின்றது. நம் நாட்டில் அது இளைஞரையும் தாய்மாரையும் மிகுதியாகத் தாக்கியதற்குக் காரணம் மூட்டு வாதக் காய்ச்சல். ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வகைத் தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வரும். மூட்டு ஆறிவிடும், வால்வில் தழும்பு நின்றுவிடும். அந்தக் காய்ச்சல் கிருமி வால்வில் பற்றியதால் வந்ததன்று. ஆனால் அது விட்டுச் சென்ற தழும்பே, பல்லாண்டுகளுக்குப் பின் கிருமி வந்து தங்குவதற்கு இடமாகின்றது. நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழைகளிடமே இது மிகுதி. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்தால் அத்தழும்பு பெருகாமல் காக்கலாம்.

இத்தகைய நோயாளிகளின் பெருக்கமே தமிழகத்தில் இதய அறுவை மருத்துவம் வளர்ந்ததற்கு ஒரு பெருங்காரணம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் இந்தியாவின் முதல் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கேயே 1961இல் டாக்டர் என். கோபிநாத், நாட்டின் முதல் திறந்த இதய அறுவைகளுள் ஒன்றைச் செய்து வெற்றி கண்டார். அண்டை மாநிலமாகிய கேரளத்தின் திருவனந்தபுரத்தில், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானின் தலைமையில் உருவான இந்தியச் செயற்கை வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அயல்நாட்டு வால்வை வாங்க இயலாத எளியோருக்கு அது வழி திறந்தது. வேடந்தாங்கல் வட்டாரத்து மக்களுக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை, 1965இல் தொடங்கிய செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. நம் பழைய கானூன் மரபும் இங்கே முற்றும் அற்றுப் போகவில்லை. சென்னை அரும்பாக்கத்தில் 1979இல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது.

சாட்சிகளைக் கொண்டு தீர்ப்பு

இந்நோயை உறுதிசெய்யும் நெறியை 1994இல் டியூக் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் வகுத்தனர். 2000இலும் 2023இலும் அது திருத்தப்பட்டது. ஃபிக்ஹு பயின்றோருக்கு அது எளிதில் விளங்கும். நேரடிச் சாட்சிகள் இரண்டு: ஒன்று, இரத்தத்தை வளர்த்துக் கிருமியைக் காண்பது, மற்றது, எக்கோ முதலிய கருவிகளால் வால்விலுள்ள திரட்டையோ சேதத்தையோ காண்பது. எக்கோக் கருவியின் தொடக்கம் 1953இல் ஸ்வீடன் நாட்டில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும் செய்த ஆய்வு. காய்ச்சல், முன்பே உள்ள இதயக் குறை, குழாயடைப்பு, விரற்கணு போன்றவை ‘கரீனா’ என்னும் துணைச்சான்றுகள். இரண்டு சாட்சிகள் இருந்தாலோ, ஒரு சாட்சியும் மூன்று துணைச்சான்றுகளும் இருந்தாலோ, சாட்சியின்றி ஐந்து துணைச்சான்றுகள் இருந்தாலோ நோய் உறுதி.

முதல் சாட்சியின் வாயை நாமே அடைத்துவிடுவதுதான் இன்றைய அவலம். காய்ச்சல் கண்ட மறுநாளே கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று நாள் விழுங்குகிறோம். காய்ச்சல் தணிகின்றது, நிறுத்துகிறோம். திரட்டின் மேற்பரப்பிலுள்ள கிருமி மட்டும் மடிந்து, உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்கின்றது. பத்து நாளில் மீண்டும் காய்ச்சல், வேறொரு மாத்திரை. இறுதியில் மருத்துவமனையில் இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும்போது கிருமி முளைப்பதில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமையால் எந்த மருந்து என்பதும் தெரியாமற் போகின்றது. நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றின் அறிக்கைகள் இக்குறையைத் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. ஆதலால், மருந்தின் முதல் ஊசிக்கு முன்னரே வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று முறை இரத்தம் எடுக்க வேண்டும் என்பது மருத்துவர் விதி. ‘இவ்வளவு இரத்தம் எதற்கு?’ என்று வீட்டார் தடுக்கலாகாது. ஏற்கெனவே உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும். ஆடு மாடு வளர்ப்போரும் அறுப்போரும் தம் தொழிலைக் கூற வேண்டும். கால்நடைகளிலிருந்து வரும் புருசெல்லா, கியூ காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளும் வால்வைப் பற்றுவதுண்டு. அவற்றுக்குத் தனிச் சோதனை தேவை.

மருத்துவம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழியே செலுத்தும் மருந்து. முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டுவிடலாம். ‘அரள்’ போயிற்று, ‘மரள்’ போகவில்லை. அந்நிலையில் வீட்டுக்கு அழைத்துச் செல்வோரே பெருந்துயருக்கு ஆளாகின்றனர். எல்லா வசதிகளும் உள்ள மருத்துவமனைகளில்கூட இந்நோயாளிகளுள் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் வரை இன்றும் இறக்கின்றனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். செலவுக்கு அஞ்சுவோர், 2012இல் தொடங்கிய தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைகளும் அடங்கும் என்பதை அறிந்து மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நம் இல்லங்களின் கடமை

நோயுற்றால் மருந்து தேடுங்கள் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கட்டளை. கோவளத்தில் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்காவுக்குச் சென்று துஆச் செய்வோரும் நம்மில் உண்டு. வீட்டிலிருந்தே துஆச் செய்வோரும் உண்டு. எவ்வாறாயினும் துஆ மருந்துக்கு மாற்றன்று. மருந்து துஆவுக்குப் பகையுமன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று கற்ற சமுதாயம் நாம்.

ரமளானில் இம்மருத்துவம் நேர்ந்தால், நோன்பை முன்னிட்டு ஊசியையோ உணவையோ தள்ளிப் போடலாகாது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த ருக்ஸத்தை ஏற்றுப் பின்னர் களாச் செய்வதே மார்க்கம். பல்லைத் தூய்மையாக வைத்திருக்க அண்ணலார் வலியுறுத்தியதை நாம் அறிவோம். பல் பிடுங்கும்போது வாய்க்கிருமி குருதியில் கலப்பதை 1935இல் லண்டனில் ஓகெல், எலியட் என்னும் ஆய்வாளர் இருவர் நிறுவினர். ஈறு நலமாயிருந்தால் அக்கலப்பும் குறையும். செயற்கை வால்வு பொருத்தியவர்களும், முன்பு இந்நோய் வந்து பிழைத்தவர்களும் பல் பிடுங்குமுன் அதனைப் பல் மருத்துவரிடம் கூறி, முன்காப்பு மருந்து பெற வேண்டும்.

நம் இல்லங்களில் பெண்மக்கள் தம் நோயைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வது வழக்கம். சிறுவயதில் மூட்டு வீங்கிய பெண், ‘நெஞ்சில் ஏதோ ஒலி கேட்கிறது’ என்று பள்ளிச் சோதனையில் கூறப்பட்ட பெண், மணமாகிப் பிள்ளை பெற்ற பின் மாதக்கணக்கில் காய்ச்சலும் இளைப்புமாய் இருந்தால், அதனைச் சத்துக்குறைவு என்றோ கண்ணேறு என்றோ தள்ளிவிடாதீர்கள். அந்தப் பழைய செய்தியை மருத்துவரிடம் கூறுங்கள். திருமணப் பேச்சில் தடையாகும் என்று அஞ்சி மறைத்த அச்செய்தி, பிறகு அவளுடைய உயிருக்கே தடையாகலாம்.

ராஸீயும் இப்னு ஸீனாவும் நமக்கு விட்டுச் சென்றது மருந்துப் பட்டியலன்று. அவற்றுள் பல இன்று பயன்படா. அவர்கள் விட்டுச் சென்றது வினவும் ஒழுக்கம். அவர்கள் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், நம் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது அந்த ஒரு கேள்வியை மறவாமல் கேட்போமாக: இது அரள், இதன் மரள் எங்கே?

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குத் தெளிந்த அறிவையும் பொறுமையையும் நல்குவானாக! ஆமீன்.